நாட்பட்ட பிறப்புறுப்பு மருக்களும் ரண சிகிச்சையும்

தோலில் தோன்றும் மருவை எவரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கையிலோ கழுத்திலோ தோன்றும் மரு பல ஆண்டுகள் அப்படியே இருந்துவிட்டுத் தானே மறைவதும் உண்டு. பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றிலும் தோன்றும் மருக்களும் தொடக்கத்தில் இத்தகையனவே. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. இவ்வுண்மையை முதலிலேயே கூறிவிடுதல் நலம். ஏனெனில், தேவையற்ற அச்சமும் நோயாளியை ஒளிந்துகொள்ளச் செய்யும். ஆயினும் ஐந்தாண்டு, பத்தாண்டு என்று எவருக்கும் காட்டாமல் மறைத்து வைக்கப்பட்ட மருக்களுள் சில, காலிபிளவர்ப் பூவைப் போன்ற பெருந்திரளாக வளர்ந்து, அடியிலுள்ள தசையை அழுத்தி அரித்து, இறுதியில் புற்றாகவும் மாறிவிடுகின்றன. தொடக்கத்தில் அரை மணி நேரத்தில் அகற்றிவிடக்கூடிய ஒன்று, பின்னர் உறுப்பையே இழக்கச் செய்யும் பெரிய ரண சிகிச்சையை வேண்டி நிற்கிறது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரும்பாலும் டாக்டரின் கைத்திறனால் உண்டாவதன்று; நோயாளி வாய்திறந்து சொல்வதற்கு எடுத்துக்கொண்ட காலத்தால் உண்டாவது.

பங்காருபேட்டைச் சூழல்

இக்காலதாமதம் எவ்வாறு நேருகின்றது என்பதை அறியக் கோலார் மாவட்டத்துப் பங்காருபேட்டையும் அதனையடுத்த தங்கவயலும் நல்ல எடுத்துக்காட்டாகும். பங்காருபேட்டைக்கு முன்னாளில் பௌரிங்பேட்டை என்று பெயர். மைசூரில் கமிஷனராக இருந்த லூயின் பௌரிங்கின் பெயரால் அவ்வாறு வழங்கியது. இங்கிருந்து தங்கவயலின் மாரிக்குப்பத்திற்கு 1894-ல் கிளை ரயில் பாதை திறக்கப்பட்டது. சுரங்கத்தில் உழைக்க வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வட்டாரத்தில் வாழ்ந்து வருகின்றன. சுரங்கம் நடைபெற்ற நாட்களில் தொழிலாளருக்கென நிருவாகமே மருத்துவமனை நடத்திவந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் இப்பகுதி மக்களுள் பல்லாயிரவர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரில் வேலை செய்து, இரவில் வீடு திரும்பும் வாழ்க்கையை மேற்கொண்டனர்.

அரசாங்க மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவு காலை வேளையில் நடைபெறுவது. அந்நேரத்தில் கூலித் தொழிலாளி ரயிலில் இருக்கிறார். மருத்துவமனையில் ஒரு நாள் வரிசையில் நின்றால் அன்றைய கூலி இல்லை. கையில் வெட்டுக்காயம் என்றால் மேஸ்திரியிடம் காட்டி விடுப்புப் பெறலாம். இந்நோயை யாரிடம் காட்டுவது? வெட்கமும் வறுமையும் கைகோத்து நிற்கும் இடத்தில் காலதாமதம் வியப்பன்று. இதனை அறியாமை என்று மட்டும் எண்ணிக் கடிந்துகொள்ளும் ஊழியர், நோயாளியை மறுமுறை காணப்போவதில்லை.

இத்தகையோரின் நோய் வரலாறு பெரும்பாலும் ஒரே போக்கில் செல்வதைக் காணலாம். முதலில் அரிசி மணியளவில் இரண்டு மூன்று சிறு முளைகள். வலியில்லை, ஆகவே கவலையுமில்லை. சில மாதங்களில் அவை பெருகி ஒன்றோடொன்று சேர்கின்றன. ஆசனவாயின் அருகில் இருந்தால் நோயாளி அதனை மூலம் என்றே கருதுகிறார். ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் ஒட்டிய சுவர்களில் ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இன்றிக் குணம்’ என்னும் விளம்பரங்கள் பல ஊர்களிலும் காணப்படுபவை. அத்தகைய இடங்களில் காரமருந்து தடவுகிறார்கள். நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். மேற்பகுதி வெந்து உதிர்கிறது. வேர்ப்பகுதி உள்ளே இருந்துவிடுகிறது. மீண்டும் வளர்கிறது. பின்னர் நீர்க்கசிவும் துர்நாற்றமும் உண்டாகின்றன. நோயாளி வீட்டில் தனியே படுக்கிறார்; விருந்துக்கும் விசேஷத்திற்கும் செல்வதில்லை. இரத்தம் கசிந்து, உட்காரவும் முடியாத நிலை வந்த பிறகே மருத்துவமனைக்கு அழைத்துவரப்படுகிறார்.

மருவின் காரணம்

மரு தொற்றக்கூடியது என்பதை 1907-ல் இத்தாலிய டாக்டர் ஜூசெப்பே சியூஃபோ மெய்ப்பித்தார். மருவை அரைத்து, பாக்டீரியாக் கிருமிகள் புகமுடியாத வடிகட்டியில் வடித்து, அந்நீரைத் தம் தோலிலேயே செலுத்திக்கொண்டார், மரு முளைத்தது. ஆகவே காரணம் பாக்டீரியாவினும் நுண்ணிய வைரஸ் என்பது தெளிவாயிற்று. 1933-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஷோப், காட்டு முயல்களின் தோலில் கொம்பு போல் வளரும் மருக்களும் ஒரு வைரஸால் உண்டாவதைக் கண்டார். அடுத்த இரண்டாண்டுகளுக்குள், வீட்டு முயல்களில் அம்மருக்கள் புற்றாக மாறக்கூடும் என்பதைப் பெய்ட்டன் ரௌஸ் குழுவினர் காட்டினர். முயலின் கொம்பு என்றால் இல்லாத பொருள் என்பது நம் வழக்கு. இந்த முயற்கொம்போ புற்றுநோய் விஞ்ஞானத்தில் ஒரு புதுவழியைத் திறந்துவிட்டது.

பிறப்புறுப்பு மரு பால்வினைத் தொடர்பால் பரவுவது என்பதும் நெடுங்காலம் ஐயத்திற்கு இடமாகவே இருந்தது. கொரியப் போர்க்களத்திலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் மனைவியருக்குச் சில வாரங்களில் மருக்கள் தோன்றியதை ஆராய்ந்து 1954-ல் வெளியான கட்டுரை அவ்வையத்தை நீக்கியது. பின்னர் ஜெர்மனியில் ஹரால்ட் ட்சூர் ஹவுசன் குழுவினர், இம்மருக்களிலிருந்து பாப்பிலோமா வைரஸின் 6-ஆம் வகையைப் பிரித்தறிந்தனர். தொடர்ந்து 11-ஆம் வகையும் அறியப்பட்டது. பிறப்புறுப்பு மருக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு இவ்விரு வகைகளால் உண்டாவன. கருப்பைவாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் காரணமாகிய 16, 18 ஆம் வகைகளும் 1983, 1984 ஆண்டுகளில் அக்குழுவினராலேயே கண்டறியப்பட்டன. இப்பணிக்காக ட்சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இவ்வகைகளின் வேறுபாட்டை ஊழியர் மனத்தில் இருத்துதல் வேண்டும். உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகுவதைத் தடுக்கும் காவற்புரதங்கள் நம் உடலில் உள்ளன. 16, 18 ஆம் வகை வைரஸ்கள் உண்டாக்கும் புரதங்கள் அக்காவலை வலிமையாகக் குலைக்கின்றன. 6, 11 ஆம் வகைகளின் புரதங்களோ அவற்றுடன் தளர்வாகவே ஒட்டுகின்றன. ஆகவேதான் சாதாரண மரு புற்றாவது அரிது. ஆனால் நீண்ட காலம், உடலின் எதிர்ப்பாற்றல் குன்றிய நிலையில், ஓயாத ஈரமும் உராய்வும் சீழும் சேர்ந்த சூழலில், அவையும் எல்லை மீறுவதுண்டு. ஒரே நோயாளியிடம் இருவகை வைரஸ்களும் சேர்ந்திருத்தலும் உண்டு. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. தொற்று, புகைபிடித்தல், ஆண்களில் முன்தோல் பின்வாங்காமல் இறுகியிருத்தல் ஆகியவை இவ்விடர்ப்பாட்டை மிகுவிப்பன. கர்ப்ப காலத்தில் மருக்கள் விரைந்து வளர்வதும் தெரிந்ததே.

‘யாரால் வந்தது?’ என்னும் வினா குடும்பங்களில் உடனே எழும். வைரஸ் புகுந்து இரண்டு மூன்று மாதங்களில் மரு தோன்றுவது வழக்கம். ஆனால் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள்கூட, வெளித்தோன்றாமல் தங்கியிருத்தலும் உண்டு. ஆதலால் மருவைச் சாட்சியாக வைத்து எவர்மீதும் குற்றம் சாட்டுவதற்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. இதனைக் கணவன் மனைவி இருவருக்கும் பொறுமையாக விளக்குவது ஊழியர் செய்யக்கூடிய பேருதவிகளுள் ஒன்று. மருந்தைவிட இதுவே சில வீடுகளில் முதலில் தேவைப்படும்.

பெருமரு

பெர்லினைச் சேர்ந்த தோல்நோய் நிபுணர் ஆபிரகாம் புஷ்கே, மருவைப் போன்றே தோன்றினும் புற்றைப் போல் அடித்தசையை அழிக்கும் ஒருவகைக் கட்டியை 1896-ல் குறிப்பிட்டார். 1925-ல் லுட்விக் லோவன்ஸ்டைன் என்பவருடன் சேர்ந்து அதனை விரிவாக விவரித்தார். அதுமுதல் அது புஷ்கே–லோவன்ஸ்டைன் கட்டி எனப்படுகிறது. யூதராகிய புஷ்கே, நாஜி ஆட்சியில் தெரேசியன்ஷ்டாட் முகாமில் அடைக்கப்பட்டு 1943-ல் உயிர்நீத்தார். அவர் பெயர் தாங்கிய நோயைப் படிக்கும் மாணவருள் பலர் இதனை அறியார்.

இப்பெருமரு அரிய நோய். இது பரவும் முறையில் ஒரு தனித்தன்மை உண்டு. சாதாரணப் புற்றின் உயிரணுக்கள் சுற்றியுள்ள தசைக்குள் நூல்நூலாக ஊடுருவிச் செல்லும். நிணநீர் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் தொலைவிடங்களுக்குப் போகும். பெருமருவோ, சுவரோரத்தில் பருத்த ஆலவேர் சுவரைத் தள்ளுவது போல, தன் எதிர்ப்பட்ட தசையை ஒரே முகமாக அழுத்தித் தள்ளிக்கொண்டு செல்லும். தள்ளுமளவில் நிற்கும்வரை அது தொலைவிடங்களுக்குப் பரவுவது அரிது. இது நோயாளிக்குப் பெரும் நற்பேறு. முழுமையாக வெட்டியெடுத்தால் குணமடைய வழியுண்டு என்பதே இதன் பொருள். ஆனால் அத்திரளின் ஏதோ ஒரு மூலையில் ஊடுருவும் புற்றுத் தோன்றிவிட்டால் அந்நற்பேறு நழுவிவிடும். ஆசனவாய்ப் பகுதியில் இக்கட்டி தோன்றிய 42 பேரைப் பற்றி 1994-ல் வெளியான தொகுப்பாய்வின்படி, ஏறத்தாழப் பாதிப்பேரில் அத்தகைய மாற்றம் காணப்பட்டது. மருத்துவ ஏடுகளில் கடுமையான நோயாளிகளே மிகுதியாக இடம்பெறுவர் என்பதை நினைவிற்கொண்டு இக்கணக்கைக் கொள்ள வேண்டும். எனினும், பாதி என்பது சிறு பகுதியன்று.

மருவைப் போல் தோன்றும் பிற நோய்கள்

பிறப்புறுப்பில் தோன்றும் ஒவ்வொரு முளையும் இம்மரு அன்று. மேகநோயாகிய சிபிலிஸின் இரண்டாம் நிலையில் தட்டையான, ஈரமான, வெண்சாம்பல் நிறமுள்ள பருக்கள் அவ்விடங்களில் தோன்றும். இவற்றிற்குக் கத்தியே தேவையில்லை. இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்து, பென்சாதின் பென்சிலின் ஊசி போட்டால் மறைந்துவிடும். சோதனை செய்யாமல் இவற்றை வெட்டுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

மற்றொன்று டோனவனோசிஸ். மாட்டிறைச்சி போன்ற செந்நிறத்துடன், தொட்டால் இரத்தம் கசியும் புண் இது, வலி அதிகமிராது. 1905-ல் சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் இதன் கிருமியைக் கண்டதால் இப்பெயர் பெற்றது. இதனைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 1954-ல் வெளியிட்ட நூலை எழுதியவர்கள் சென்னை டாக்டர்களாகிய ஆர். வி. ராஜம், பி. என். ரங்கையா ஆகியோர். கிருமிக்கொல்லி மருந்துகளால் குணமாகும் இந்நோயும் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தால் புற்றாக மாறக்கூடும். ஆகவே வெளித்தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்வது களப்பணியாளரின் வேலையன்று. ‘இங்கே முளையோ புண்ணோ உள்ளது, டாக்டர் பார்க்க வேண்டும்’ என்ற அளவில் அவர் கடமை நிறைவுறும்.

நாட்பட்ட மருவில் விரைந்து கவனிக்க வேண்டிய குறிகள் சில உண்டு: தொட்டால் கடினமாக, அடித்தசையோடு ஒட்டி அசையாதிருத்தல், மேற்புறம் அழுகிப் புண்ணாதல், இரத்தக் கசிவு, பல துளைகள் வழியே சீழ் வடிதல், இதுவரை இல்லாத வலி, அரையிடுக்கில் நெறிகட்டுதல், மலம் அல்லது சிறுநீர் கழிப்பதில் மாறுதல். இவற்றுள் ஒன்று இருந்தாலும் மாதக்கணக்கில் மருந்து தடவிப் பார்த்தல் கூடாது.

சோதனைகள்

தங்கவயல் மக்களுக்குச் சுரங்க வேலை தெரியும். நிலத்தின் மேற்பரப்பில் எடுத்த கல்லைக் கொண்டு, 3000 மீட்டர் ஆழத்தில் தங்கரேகை எப்படிச் செல்கிறது என்று சொல்ல முடியாது. பெருமருவும் அப்படியே. மேற்புறத்திலிருந்து கிள்ளியெடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ‘மரு, புற்றில்லை’ என்ற விடை வரும். அவ்விடை அத்துணுக்கைப் பொறுத்தவரை மெய்யே. ஆழத்தில் இருப்பதை அது அறியாது. ஆதலால் அனுபவமுள்ள டாக்டர் பல இடங்களிலிருந்து, அடிப்பகுதியும் சேருமாறு ஆழமாகத் துணுக்கு எடுப்பார். அப்படியிருந்தும், முழுக்கட்டியையும் எடுத்து அடுக்கடுக்காகச் சீவிப் பார்த்த பின்னரே இறுதி முடிவு கூறுவார். ‘புற்றில்லை’ என்ற ஒரு துண்டுக் காகிதத்தை நம்பி இரண்டாண்டு வீட்டிலிருந்துவிடும் நோயாளிக்கு இவ்விவரத்தை எடுத்துச் சொல்ல வேண்டும்.

கட்டி எவ்வளவு ஆழம் சென்றுள்ளது, ஆசனவாயை மூடித் திறக்கும் வளையத்தசையைத் தொட்டுள்ளதா என்பதை எம்.ஆர்.ஐ. படம் காட்டும். சிபிலிஸ், எச்.ஐ.வி., நீரிழிவு ஆகியவற்றிற்கும் சோதனை செய்வர். அரையிடுக்கில் நெறி கட்டியிருந்தால் அது புற்றுப் பரவியதாலும் இருக்கலாம்; சீழ்பிடித்ததன் விளைவாகவும் இருக்கலாம். ஊசியால் உறிஞ்சிப் பார்த்து இதனை வேறுபடுத்துவர்.

ரண சிகிச்சை

சிறு மருக்களுக்குப் பல எளிய முறைகள் உள்ளன: திரவ நைட்ரஜனால் உறையவைத்தல், அமிலம் தொட்டு வைத்தல், மின்சூட்டால் கரித்தல், களிம்புகள். இமயமலைச் சாரலில் வளரும் ஒரு செடியின் வேரிலும் கிடைக்கும் பொடோஃபிலின் என்னும் பிசின், 1942 முதல் மருவிற்கு மருந்தாக வழங்கலாயிற்று. ஆனால் பெரிய பரப்பில் தடவினால் அது உடலுக்குள் ஊறி நஞ்சாகும். கர்ப்பிணிகளுக்கு அறவே ஆகாது. மேலும், அது பட்ட உயிரணுக்கள் மைக்ராஸ்கோப்பில் புற்றணுக்களைப் போலவே தோற்றமளித்து ஆய்வாளரை ஏமாற்றுவதுண்டு. நோயாளி முன்னர் எதைத் தடவினார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டுவதன் காரணம் இதுவே.

பெருமருவிற்கு இவை எதுவும் போதா. கட்டியை அதன் வேரோடும், சுற்றியுள்ள நல்ல தசையில் ஒரு விளிம்போடும் சேர்த்து வெட்டியெடுப்பதே முதன்மையான சிகிச்சை. அவ்விளிம்பு வழக்கமாக ஒரு சென்டிமீட்டர் அளவிலாவது இருக்குமாறு பார்த்துக்கொள்வர். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டோ முழுமயக்கம் கொடுத்தோ இதனைச் செய்வர். இக்கட்டிக்கு இரத்த ஓட்டம் மிகுதி. ஆகவே நோயாளியின் வகைக்கேற்ற இரத்தம் முன்கூட்டியே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மின்கத்தியால் வெட்டும்போது எழும் புகையில் வைரஸின் மரபுப்பொருள் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. புகையை உறிஞ்சும் குழாயும் தகுந்த முகக்கவசமும் இன்றி அவ்வேலையில் இறங்குவது டாக்டருக்கும் செவிலியருக்கும் தீங்கு.

கட்டி தோலளவில் நின்றிருந்தால், பரப்பு எவ்வளவு பெரிதாயினும், உள்ளுறுப்புகளைக் காப்பாற்றிவிடலாம். ஆண்குறியின் மேல் குடைபோல் கவிந்த பெருந்திரளை அகற்றியபின், அடியில் உறுப்பு பழுதின்றியிருப்பதும் உண்டு. வெட்டிய இடம் சிறிதாயின் தைப்பர். பெரிதாயின் தானே ஆறுமாறு திறந்துவிடுவர், அல்லது தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்து ஒட்டுவர், அல்லது அருகிலுள்ள தோலைத் திருப்பி மூடுவர். திறந்த புண்ணைக் கண்டு உறவினர் அஞ்சுவர். இதுவும் ஒரு முறையே, கவனக்குறைவன்று என்பதை முன்னதாகவே சொல்லிவைத்தல் நன்று. ஆசனவாயைச் சுற்றிய பெரும்புண்ணில் மலம் படாதிருக்க, சில மாதங்களுக்குக் குடலை வயிற்றின்மேல் திறந்து பை பொருத்துவதும் உண்டு. புண் ஆறியபின் அதனை மூடிவிடலாம்.

ஊடுருவும் புற்றாகிவிட்டாலோ நிலைமை வேறு. ஆண்குறியில், நோயளவிற்கேற்பப் பகுதியையோ முழுவதையுமோ அகற்ற நேரிடும். பெண்களில் புறப்பிறப்புறுப்பின் பகுதியும், இருபாலரிலும் தேவைக்கேற்ப அரையிடுக்கு நெறிகளும் அகற்றப்படும். ஆசனவாயின் புற்றுக்கு, முன்னர் மலக்குடலையும் ஆசனவாயையும் முழுமையாக அகற்றி, வயிற்றில் நிலையாகப் பை பொருத்துவதே வழக்கமாயிருந்தது. 1974-ல் அமெரிக்க டாக்டர் நார்மன் நைக்ரோ, மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்து அளித்தால் சாதாரண ஆசனவாய்ப் புற்று ரண சிகிச்சையின்றியே கரையக்கூடும் என்று காட்டினார். பெருமருவிலிருந்து தோன்றிய புற்றிலும் இதனைக் கையாண்டு, பெருங்கட்டியைச் சுருக்கியபின் வெட்டுவதுண்டு. ஆனால் புற்றாகாத பெருமருவிற்குக் கதிர்வீச்சு அளிப்பதில் நிபுணரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. அதனால் கட்டி கொடியதாக மாறக்கூடும் என்று அஞ்சுவோர் பலர்.

ரண சிகிச்சை எங்கு நடைபெறினும் ஒன்றை வற்புறுத்த வேண்டும். வெட்டியெடுத்த கட்டி முழுவதும் ஃபார்மலின் திரவத்திலிட்டு நோய்க்கூறு ஆய்விற்கு அனுப்பப்படல் வேண்டும். மரு தானே என்று தொட்டியில் எறிந்துவிட்டால், புற்று இருந்ததா, விளிம்பு சுத்தமாக இருந்ததா என்ற இரு கேள்விகளுக்கும் பிறகு எவராலும் விடையளிக்க இயலாது. பணம் கட்ட இயலாமல் ஆய்வைக் கைவிடும் குடும்பங்களும் உண்டு. அச்செலவு மட்டும் விடக்கூடாத செலவு.

பங்காருபேட்டைவாசிக்கு வழி தொலைவில்லை. பெங்களூரில் 1973-ல் தொடங்கப்பெற்ற கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் உள்ளது. கிழக்கே சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அமைந்த புற்றுநோய் நிலையம் உள்ளது. அங்குத் தமிழிலேயே நோயைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது இவ்வட்டாரத்து முதியவர் சிலருக்கு ஆறுதல். இரண்டிற்கும் இடையேயுள்ள பாதையில்தான் பங்காருபேட்டைச் சந்திப்பு இருக்கிறது. அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்தின் உதவியைப் பெறுவதற்கு உள்ளூர் அரசாங்க மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படுவது வழக்கம். அது கையில் இல்லாமல் புறப்பட்டுத் திரும்பி வருபவர் மறுமுறை புறப்படுவது கடினம். எனவே கடிதம், குடும்ப அட்டை, ஆதார் அட்டை, முந்தைய சோதனைத் தாள்கள் ஆகியவற்றை ஊழியரே ஒருமுறை சரிபார்த்து அனுப்புதல் வேண்டும்.

வீடு திரும்பிய பின்

இந்நோய் மீண்டும் தலைகாட்டும் இயல்புடையது. வைரஸ் சுற்றியுள்ள தோலில் தங்கியிருப்பதே காரணம். முதல் இரண்டாண்டுகளில் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் டாக்டரிடம் காட்டிவருதல் வழக்கம். மீண்டும் தோன்றுவது முதலில் பயறளவு முளையாகவே இருக்கும். அந்நிலையில் சிறு சிகிச்சையே போதும். புண் ஆறும் வாரங்களில் வெதுவெதுப்பான நீரில் இடுப்புக் குளியல், மலம் இறுகாத உணவு, உலர்ந்த பருத்தித் துணி ஆகியவை வேண்டும். பீடி, சிகரெட் அறவே விலக்கத்தக்கவை.

உறுப்பின் பகுதியை இழந்தவரின் மனநிலையைப் பற்றி மருத்துவ ஏடுகள் சுருக்கமாகவே கூறுகின்றன. ஆண்குறியின் பகுதி அகற்றப்பட்டவர் பலர் நின்றபடியே சிறுநீர் கழிக்க முடிகிறது. இல்லறத் தொடர்பும் சிலருக்கு இயல்கிறது. ரண சிகிச்சைக்கு முன்னரே இதனை டாக்டர் அவரிடம் தனிமையில் பேசியிருத்தல் நலம். அவர் வீட்டுக்குச் செல்லும் ஊழியர், தெருவில் நின்று நோயின் பெயரைச் சொல்லி விசாரித்தல் கூடாது. ‘புண் ஆறிவிட்டதா’ என்ற அளவில் கேட்டால் போதும்.

நோயாளியின் கணவன் அல்லது மனைவியையும் டாக்டர் பார்த்தல் வேண்டும். மனைவிக்குக் கருப்பைவாய்ச் சோதனை இன்றியமையாதது. 30 வயதிற்கு மேற்பட்ட பெண்களுக்கு நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை அரசாங்கச் சுகாதார நிலையங்களிலேயே செய்துகொள்ளலாம்.

ஆசிரியர்கள் அறிய வேண்டுவன

குழந்தையின் பிறப்புறுப்பில் மரு இருப்பதாகத் தெரியவந்தால் ஆசிரியர் பதறவும் கூடாது, பாராதிருக்கவும் கூடாது. பிறக்கும்போது தாயிடமிருந்தும், அரிதாகக் கைமருவிலிருந்தும் அது தொற்றலாம். பாலியல் கொடுமையின் அடையாளமாகவும் இருக்கலாம். இதனை வேறுபடுத்தி அறிவது டாக்டரின் பொறுப்பு. கொடுமை நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், 2012-ஆம் ஆண்டுக் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டப்படி அதனை அறிவித்தல் எவர்க்கும் கட்டாயக் கடமை.

வளரிளம் பருவத்தினருக்குத் தடுப்பூசியைப் பற்றி எடுத்துரைக்கும் வாய்ப்பு ஆசிரியருக்கே மிகுதி. 6, 11, 16, 18 ஆகிய நால்வகைகளையும் தடுக்கும் ஊசி 2006 முதல் உலகில் வழங்கி வருகிறது. இந்தியாவிலேயே சீரம் நிறுவனம் தயாரித்த ‘செர்வாவாக்’ என்னும் நால்வகைத் தடுப்பூசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. வைரஸ் உடலில் புகுவதற்கு முன்னரே, 9 முதல் 14 வயதிற்குள் போட்டுக்கொள்வது சிறந்த பலனளிக்கும். ஆஸ்திரேலியாவில் 2007-ல் பெண்களுக்கு இவ்வூசி போடத் தொடங்கினர். அவ்வாண்டில் பால்வினை நோய் நிலையங்களுக்கு வந்த 21 வயதிற்குட்பட்ட பெண்களில் 11.5 விழுக்காட்டினருக்கு மரு இருந்தது. 2011-ல் அது ஒரு விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. ஊசி போடப்படாத இளம் ஆண்களிடையேயும் மரு குறைந்தது. இப்புள்ளிகளைக் கரும்பலகையில் ஒரு வரைபடமாகப் போட்டுக் காட்டினால் நீண்ட விரிவுரை தேவைப்படாது.

தடுப்பூசி, ஏற்கெனவே தோன்றிவிட்ட மருவைக் குணப்படுத்தாது. ஊசி போட்டால் மரு உதிர்ந்துவிடும் என்று எண்ணிக் காத்திருப்போர் உண்டு. அவர்களை அம்மாதமே டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.